எங்கே என்று யாரைக் கேட்டார்கள்?



ஊரையும் சேரியையும் பிரித்து வைத்ததும் ஒரு திட்டமிடல்தான். கிணறு எங்கே, சுடுகாடு எங்கே, யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. சேரியை யாரும் கேட்கவில்லை. நகரத்தில் இது மாறும் என்று நம்பி வந்தவர்கள் நம் முன்னோர். மாறியதா என்பதைச் சென்னையை வைத்தே பார்ப்போம்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. முழுமைத் திட்டத்தின் வரைவை அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவித்து, மக்கள் ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது 2 மாத அவகாசம் தர வேண்டும் என்கிறது அது. ஆக, ஏட்டில் பங்கேற்பு இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் சர்வே எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து எழுத்துமூலம் மனுப்போட, விடியுமுன் துப்புரவு வேலைக்குக் கிளம்பும் பெண்ணுக்கு நேரம் ஏது?

அதே ஆண்டில் குடிசைப் பகுதி மேம்பாடு மற்றும் அகற்றுதல் சட்டமும் வந்தது. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளும், 1985இல் மேலும் 17 பகுதிகளும் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அதன்பின் பல பத்தாண்டுகள் அறிவிப்பே இல்லை. அறிவிக்கப்பட்டால்தான் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும். ஆற்றங்கரையில் தலைமுறைகளாக வாழ்ந்தாலும், கோப்பில் அந்த இடத்தின் பெயர் 'ஆட்சேபகரமான புறம்போக்கு'. பெயர் வைத்தவர்களுக்கு அங்கு வாழ்கிறவர்களோடு பேசவேண்டிய தேவை எழவில்லை.

விளைவு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரத்தின் நடுவிலிருந்து வெகு தொலைவுக்குப் பல்லாயிரம் குடும்பங்கள் அனுப்பப்பட்டன. அவர்களில் கணிசமானோர் தலித் மக்கள். வீட்டுவேலை, மீன் விற்பனை, சுமை தூக்குதல் எல்லாம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லி அடையாறு, கூவம் கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் இருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. அந்த வெள்ளத்தில் அதுவும் மூழ்கியது. போகிறவர்களிடம் கேட்டிருந்தால் இதை அவர்களே சொல்லியிருப்பார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது ஆகியவை நடுப்படிகள். அவை வெறும் அடையாளப் பங்கேற்பு. முடிவெடுக்கும் அதிகாரம் மக்கள் கைக்கு வருவது மேல்படிகளில்தான். நம் ஊரில் பெரும்பாலும் பயோமெட்ரிக் கணக்கெடுப்பும் ஒதுக்கீட்டு ஆணையும் தருவதே பங்கேற்பாகக் கணக்கில் எழுதப்படுகிறது. கண்ணகி நகர்ச் சுவர்களில் இப்போது பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. அழகுதான். ஆனால் சுவருக்கு என்ன வண்ணம் என்ற கேள்வி, வீடு எங்கே என்ற கேள்விக்கு ஈடாகாது.

வேறு வழி இருந்ததற்கும் சென்னையே சாட்சி. 1977இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், பல குடிசைப் பகுதிகள் இருந்த இடத்திலேயே மேம்படுத்தப்பட்டன. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனையும் அடிப்படை வசதிகளும் தரப்பட்டன. கையில் காசு சேரச் சேர மக்கள் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டினார்கள். குறைகள் உண்டு. ஆனால் வீட்டின் வடிவத்தை அதில் வாழ்கிறவரே தீர்மானித்தார்.

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, வெளியேற்ற அறிவிப்பு வருமுன்பே நம் பகுதியின் வரைபடத்தை நாமே தயாரிப்பது: வீடுகள், குழாய்கள், பள்ளி, வேலைக்குப் போகும் வழி, குடியிருந்த ஆண்டுகளுக்கான ஆவணங்கள். இரண்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் வரைவுத் திட்டத்தைக் கேட்டு வாங்கி, தெருவில் உட்கார்ந்து எளிய தமிழில் விளக்கி, அவகாசம் முடியுமுன் கூட்டாக ஆட்சேபம் எழுதுவது. மூன்று, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொல்லும் வார்டு குழுக்களையும், 2022 விதிகளின்படி அமைந்த பகுதி சபைகளையும் விடாமல் பயன்படுத்துவது. அந்தக் கூட்டங்கள் வேலைக்குப் போகும் பெண்கள் வரக்கூடிய நேரத்தில், அவர்கள் தயங்காமல் நுழையக்கூடிய இடத்தில் நடக்கவேண்டும் என்பதே நம் முதல் கோரிக்கை.

கோடு போடுவதற்கு முன் கேட்டால்தான் அது பங்கேற்பு. போட்ட பிறகு கேட்பதற்குக் கையெழுத்து வாங்குதல் என்று பெயர்.