பல கைகள் காக்கும் உயிர்

கோபன்ஹேகன், 1952

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1952ஆம் ஆண்டு இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாய்ப் பரவியபோது, தொற்றுநோயாளிகளுக்கென அமைந்த பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் சுவாசக் கருவியின் துணையோடு சிகிச்சை பெற்ற முதல் 31 பேரில் 27 பேர் மாண்டுபோயினர். தலைமை வைத்தியரான லாசன், தம்மிடம் பணியாற்றிய பியோர்னபோவின் யோசனைக்கு இணங்கி, வேறு துறையைச் சேர்ந்த மயக்கமருந்து நிபுணர் பியோர்ன் இப்சனை வரவழைத்தார். கீழே இருப்பவர் சொல்லுக்கு மேலே இருப்பவர் செவிசாய்த்த அந்த ஒரு செயலையே இச்சரித்திரத்தின் மூலகாரணம் என்பேன்.

ஆகஸ்டு 27ஆம் தேதி, மூச்சுத்திணறி மரணத்தின் வாயிலில் கிடந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, நெஞ்சிலே தேங்கிய சளியை உறிஞ்சி எடுத்து, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி இப்சன் பிராணவாயுவைச் செலுத்தவே, அவள் பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்துக்கொண்டு, கட்டிலருகே அமர்ந்து, நோயாளியின் முகத்தில் வைத்த கண்ணை எடுக்காமல், இரவு பகலாக அந்தப் பைகளை அமுக்கினர். ஒரே சமயத்தில் 70 நோயாளிகளின் மூச்சு இவ்வாறு பிறர் கையில் இருந்ததும் உண்டு. ஆய்வுக்கூடத்திலோ ஆஸ்ட்ரப் என்பவர் இரத்தத்தின் அமிலத்தன்மையை அளந்து, கரியமில வாயு சரிவர வெளியேறுகிறதா என்று கணித்துக் கொடுத்தார். மரண விகிதம் பாதிக்கும் கீழாக இறங்கிற்று. 1953 டிசம்பரில் இப்சன் அதே நகரின் வேறோர் ஆஸ்பத்திரியில் தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கினார், இன்றைய ஐ.சி.யூ.வின் (தீவிர சிகிச்சைப் பிரிவின்) முன்னோடி அதுவே.

ஐ.சி.யூ. வைத்தியருக்கு விசேஷப் பயிற்சி எதற்கு?

கடும் தொற்றால் இரத்த அழுத்தம் வீழ்ந்த ஒருவருக்கு இரத்தக்குழாய் வழியே திரவம் ஏற்றினால் அழுத்தம் உயரலாம். அளவு மிஞ்சினாலோ நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அதற்கஞ்சி மிகவும் குறைத்தால் சிறுநீரகம் வாடும். ஓர் உறுப்புக்கு அமிர்தமானது மற்றோர் உறுப்புக்கு விஷமாகும் இந்நிலையில், உடல் முழுவதையும் ஒருங்கே நோக்கி மணிக்கு மணி தீர்மானம் செய்யும் வைத்தியர் இன்றியமையாதவர். எம்.டி. பட்டத்திற்குப் பின்னும் மூன்றாண்டு பயிலும் டி.எம். படிப்பு இதற்கென நம் நாட்டில் உண்டு.

நர்ஸின் சொல்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 100க்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் பீட்டர் புரோனவோஸ்ட் என்ற வைத்தியர் தொற்றைத் தடுக்க நடத்திய முயற்சியின் முடிவு, 2006இல் பிரசுரமாயிற்று. பெரிய இரத்தக்குழாயில் குழாய் செலுத்துமுன் கைகழுவுதல், தோலைக் கிருமிநாசினியால் துடைத்தல் முதலிய ஐந்து நியமங்களுள் ஒன்றை வைத்தியர் மறந்தாலும், அவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் நர்ஸுக்கு அளிக்கப்பட்டது. சில மாதங்களுக்குள், அப்பிரிவுகளில் பாதிக்குக் குறையாதவற்றில் இக்குழாய்வழித் தொற்று ஒன்றுகூடக் காணப்படவில்லை.

உறவினர்களுக்கு

உங்கள் வீட்டார் ஐ.சி.யூ.வில் இருக்க நேர்ந்தால், முழுப்பொறுப்பு ஏற்றிருக்கும் வைத்தியர் யார், இரவில் யார் இருப்பார் என்று தயங்காமல் கேளுங்கள். நோயாளி வழக்கமாக உண்ணும் மருந்துகளையும், ஒவ்வாத மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கட்டிலருகே செல்லுமுன் கைகளைக் கழுவுங்கள். உயிர் காக்கும் அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவர்.