'கிள்ளான்' எத்தனை எழுத்து? பிஎச்பி தரும் மூன்று விடைகள்

'கிள்ளான்' என்ற சொல்லில் கி, ள், ளா, ன் என நான்கு எழுத்து. பிஎச்பி நிரல்மொழியில் சரத்தின் நீளத்தைக் கேட்டுப் பாருங்க:

1. எஸ்டிஆர்லென்: 24. இது பைட்டுகளை எண்ணும். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்.

2. எம்பி_எஸ்டிஆர்லென்: 8. புள்ளி, துணைக்கால், மேல்விலங்கு எல்லாம் இதற்குத் தனித்தனிக் குறி.

3. கிராஃபீம்_எஸ்டிஆர்லென்: 4. நம்ம இலக்கணக் கணக்கு இதுதான். சர்வரில் 'இன்டல்' நீட்சி இருக்கணும்.

வெட்டும்போதும் இதே கதைதான். எம்பி_சப்எஸ்டிஆர் கொண்டு முதல் 3 குறிகளை எடுத்தால் 'கிள' வரும்; புள்ளி போயிடும். கிராஃபீம்_சப்எஸ்டிஆர் கொண்டு 2 எழுத்து எடுத்தால் 'கிள்' சரியா வரும்.

ஆசிரியர்களே, எழுத்து எண்ணும் இணையப் புதிரில் முதல் இரண்டில் ஒன்றைப் போட்டால், 'நான்கு' என்று சரியா எழுதின பிள்ளைக்கும் 'தவறு' விழும். மாணவர்களே, நிரல் எழுதியதும் புள்ளி உள்ள தமிழ்ச் சொல் ஒன்றைக் கொடுத்துச் சோதிங்க.