நோய்க் குறிப்புகளும் கணிப்பொறிப் பாதுகாப்பும்

நோயாளியின் உடல்நிலை வரலாற்றைக் கூறும் குறிப்பு, மருந்தைப் போலவே சிகிச்சைக்கு இன்றியமையாதது. முன்னாளில் பேரேடுகளிலும் சீட்டுகளிலும் எழுதப்பெற்ற இக்குறிப்புகள் இப்பொழுது கணிப்பொறிகளுக்கு மாறி வருகின்றன.

2020 ஆகஸ்டு 15-இல் ஆறு யூனியன் பிரதேசங்களில் முன்னோடியாகத் தொடங்கப்பெற்ற தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம், 2021 செப்டம்பர் 27-இல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் என்னும் பெயருடன் நாடெங்கும் விரிவடைந்தது. இதில் சேருவோர்க்கு 14 இலக்கங்கள் கொண்ட 'ஆபா' எண் அளிக்கப்படுகின்றது. குறிப்புகள் யாவும் ஒரே இடத்தில் குவிக்கப்படுவதில்லை. அவை தோன்றிய மருத்துவமனையிலேயே இருந்து, நோயாளி இசைந்தால் மட்டுமே பிற மருத்துவர்க்குக் கிட்டுகின்றன. ஆகவே ஒவ்வொரு மருத்துவமனையும் தன் குறிப்புகளைத் தானே காத்தல் வேண்டும்.

இக்காவல் தளர்ந்தால் நேர்வது யாது என்பதை 2022-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு நவம்பர் 23-இல் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறிகள் செயலிழந்தன. நோயாளிகளைப் பதிவு செய்தல், இரத்தப் பரிசோதனை முடிவுகளை அனுப்புதல் முதலிய பணிகள் மீண்டும் காகிதத்தில் கையால் நடைபெற்றன. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன என்றும், வலைப்பின்னல் முறையாகப் பகுக்கப்படாமையே காரணம் என்றும் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

இத்தாக்குதலைச் செய்யும் மென்பொருள் 'ரான்சம்வேர்' எனப்படும். இது குறிப்புகளை அழிப்பதில்லை. அவற்றைப் பிறர் படிக்க இயலாத குறியீடாக மாற்றிவிடுகின்றது. மாற்றத்தை நீக்கும் திறவுகோல் தாக்கியவரிடம் இருக்கும்; அதற்கு அவர் பணம் கோருவார்.

இதற்குரிய காப்புகளுள் முதன்மையானவை இரண்டு. முதலாவது, பகுத்து வைத்தல். கப்பலின் அடித்தளம் தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருப்பின், ஓர் அறையில் புகுந்த நீர் மற்றவற்றிற் பரவாது. வலைப்பின்னலும் அவ்வாறே பகுக்கப்படுதல் வேண்டும். இரண்டாவது, குறிப்புகளின் படியொன்றைத் தனியே பாதுகாத்தல். தில்லியில் 'ஈ-ஹாஸ்பிடல்' குறிப்புகள் மீண்டும் கிடைத்தது, தாக்குதலுக்கு உட்படாத படி ஒன்று வேறொரு சர்வரில் இருந்தமையாலேயாம்.

சட்டமும் துணை நிற்கின்றது. இத்தகைய தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும் என்று இந்தியக் கணிப்பொறி அவசரகால உதவிக் குழு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. 2023-இல் நிறைவேறிய தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்புச் செய்யாத அமைப்புகளுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கின்றது.

எனினும் பல தாக்குதல்கள் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவிலேயே தொடங்குகின்றன. ஒரே கடவுச்சொல்லைப் பலர் பகிர்தல், அறியாதவர் அனுப்பிய மின்னஞ்சல் இணைப்பைத் திறத்தல், மென்பொருளைப் புதுப்பிக்காது விடுதல் ஆகியவை தவிர்க்கத்தக்கன. நோயாளியின் செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை, அது எதற்கெனக் கூறாமல் கேட்டுப் பெறுதலும் முறையன்று. ஐயம் தோன்றின் உடனே மேலதிகாரிக்கு அறிவித்தல் நலம். தவற்றை மறைப்பதால் கேடு பரவ நேரம் கிட்டும்.

வங்கிக் கணக்கின் எண் களவு போயின் புதிய எண் பெறலாம். ஒருவருக்குள்ள நோயின் வரலாறு வெளிப்பட்டுவிடின் அதனை மாற்ற இயலாது. ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எடுத்துரைத்தலும், களப்பணியாளர் நாள்தோறும் கடைப்பிடித்தலும் பெரும்பயன் தருவனவாம்.