நெருங்கிய தொடர்பு தீட்டு அல்ல: தொற்று அபாயம் குறித்த ஒரு விளக்கம்

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் நம் அன்றாடப் பேச்சுக்குள் நுழைந்த சொற்களுள் ஒன்று ‘நெருங்கிய தொடர்பு’. நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தவர், அருகில் அமர்ந்து பயணம் செய்தவர், பாதுகாப்பின்றிப் பேசிப் பழகியவர் ஆகியோரைக் குறிக்கும் பொதுச் சுகாதாரத் துறையின் கலைச்சொல் அது. ஆனால், சாதியச் சமூகத்தில் தொடர்பு என்பதற்கு ஏற்கெனவே வேறொரு பொருள் உண்டு. தொட்டாலே ஒட்டிக்கொள்வது, பிறப்போடு வருவது, கழுவினாலும் போகாதது என்று கற்பிக்கப்பட்ட தீட்டுதான் அந்தப் பொருள். இவ்விரண்டும் கலக்கும்போது நோய்த்தடுப்பின் பெயரால் தீண்டாமை நுழைகிறது. உண்மையிலேயே அபாயத்தில் இருப்பவர்களோ பாதுகாப்பின்றி விடப்படுகிறார்கள். ஆகவே, தொடர்பில் இருந்தவர்களுக்குத் தொற்று அபாயம் எவ்வளவு, அது எவற்றைப் பொறுத்தது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டியுள்ளது.

எண்கள் சொல்வது என்ன?

தொற்றுக்கு உள்ளான ஒருவரின் தொடர்புகளில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு நோய் பரவியது என்ற கணக்கை ‘இரண்டாம் நிலைத் தொற்று விகிதம்’ என்பர். இது குறித்து உலகளவில் கவனம் பெற்ற ஆய்வுகளுள் ஒன்று நம் மண்ணிலிருந்தே வந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் அரசின் களப்பணியாளர்கள் திரட்டிய தரவுகளைக் கொண்டு ரமணன் லட்சுமிநாராயண் உள்ளிட்டோர் எழுதிய அக்கட்டுரை, 2020ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. 84,965 நோயாளிகளுடன் தொடர்பில் இருந்த 5,75,071 பேரின் பரிசோதனை முடிவுகள் அதில் ஆராயப்பட்டன.

நோயாளியுடன் பாதுகாப்பின்றி நெருங்கிப் பழகிய உயர் அபாயத் தொடர்புகளில் 10.7 விழுக்காட்டினருக்கும், குறைந்த அபாயத் தொடர்புகளில் 4.7 விழுக்காட்டினருக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது. எந்தச் சூழலில் தொடர்பு நிகழ்ந்தது என்ற விவரம் கிடைத்தவர்களிடையே, வீட்டுக்குள் 9.0 விழுக்காடும், பொது இடங்களில் 2.6 விழுக்காடும், மருத்துவமனைச் சூழலில் 1.2 விழுக்காடும் பதிவாயின. ஒரே வாகனத்தில் நோயாளிக்கு அருகில் ஆறு மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்த 78 பேரிடையே மட்டும் இது ஏறக்குறைய 79 விழுக்காடாக உயர்ந்தது. மற்றொரு பக்கம், நோயாளிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரிடமிருந்து அவர்களின் தொடர்புகளில் எவருக்கும் நோய் பரவியதாகக் கண்டறியப்படவில்லை.

பரிசோதனை எல்லாத் தொற்றையும் பிடித்துவிடுவதில்லை என்பதால் உண்மை விகிதம் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். பல நாடுகளின் 54 ஆய்வுகளைத் தொகுத்து 2020 டிசம்பரில் வெளியான மற்றொரு கட்டுரை, வீட்டுத் தொடர்புகளில் 16.6 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டதாகக் கணக்கிட்டது. வாழ்க்கைத் துணைவர்களிடையே மட்டும் அது 37.8 விழுக்காடு. பின்னர் வந்த ஒமைக்ரான் திரிபு வீடுகளுக்குள் மிக வேகமாகப் பரவியது. அப்போதும் வீட்டுத் தொடர்புகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே தொற்று ஏற்பட்டதாகத் தொகுப்பாய்வுகள் காட்டின.

இதிலிருந்து நாம் பெறும் முதல் பாடம்: தொடர்பில் இருந்தவர் வேறு, தொற்றுக்கு உள்ளானவர் வேறு. தொடர்பு என்பது ஒரு வாய்ப்பு மட்டுமே. அந்த வாய்ப்பைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

அபாயத்தைக் கூட்டுபவை எவை?

மூச்சு விடும்போதும் பேசும்போதும் இருமும்போதும் வெளிப்படும் துளிகளும் நுண்துகள்களுமே இக்கிருமியைச் சுமந்து செல்கின்றன. எனவே அபாயத்தைத் தீர்மானிப்பவை நேரம், தொலைவு, காற்றோட்டம், முகக்கவசம், நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பவை. மருத்துவமனை விகிதம் வீட்டு விகிதத்தைவிடக் குறைவாக இருந்ததற்கு, அங்கே பாதுகாப்பு உடையும் முகக்கவசமும் முறையான பயிற்சியும் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். மூடிய வாகனத்தில் விகிதம் உயர்ந்ததற்குக் காரணம், ஒரே காற்றை நெடுநேரம் பகிர்ந்துகொண்டதுதான்.

இந்தப் பட்டியலில் பிறப்பு இல்லை; சாதி இல்லை. ஆனால், நேரத்தையும் தொலைவையும் காற்றோட்டத்தையும் யாரால் தேர்ந்தெடுக்க முடிகிறது என்று கேட்டால் சாதி உடனே முன்வந்து நிற்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 37.1 விழுக்காடு ஒரே அறை கொண்ட வீட்டில் வசித்தன. ‘தனி அறையில் இருங்கள், தனிக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள்’ என்ற அறிவுரை அவர்களுக்கு எட்டாதது. நெரிசல் மிகுந்த சேரிகளிலும் நகர்ப்புறக் குடிசைப் பகுதிகளிலும் நோயாளியும் தொடர்பும் ஒரே கூரையின்கீழ் ஒரே காற்றைப் பகிர்வதைத் தவிர வேறு வழியில்லை. அங்கு நோய் பரவினால் அம்மக்களின் ‘ஒழுங்கின்மை’ காரணமாகச் சொல்லப்படுகிறது. நிலமும் வீடும் மறுக்கப்பட்ட வரலாற்றை நோயாளியின் குற்றமாக மாற்றும் பேச்சு அது.

சொற்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம் ‘சமூக இடைவெளி’ என்பதற்கு மாற்றாக ‘உடல் இடைவெளி’ என்ற பொருள்படும் சொல்லைப் பரிந்துரைத்தது. ஊரையும் சேரியையும் பிரித்துவைத்த நாட்டில் சமூக இடைவெளி என்ற சொல் என்ன நினைவைக் கிளறும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பணியிடத்துத் தொடர்பு

தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் கழிவுகளைத் தனியாக, மஞ்சள் நிறப் பைகளில் சேகரிக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழிகாட்டியது. அந்தப் பைகளைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் தலித் தூய்மைப் பணியாளர்களே. ஆனால் 2020 மார்ச்சில் ஒன்றிய அரசு அறிவித்த 50 லட்சம் ரூபாய்க் காப்பீட்டுத் திட்டம், நோயாளிகளுடன் ‘நேரடித் தொடர்பிலும் பராமரிப்பிலும்’ இருக்கும் சுகாதாரப் பணியாளர்களை மையமாக வைத்தே வரையறுக்கப்பட்டது. தெருவில் குப்பை அள்ளியவர் அந்த வரையறைக்குள் எளிதில் அடங்கவில்லை. ஒதுக்கிவைக்கும்போது அவர் ‘தொடர்பு’ ஆகிறார். இழப்பீடு கேட்கும்போது ‘தொடர்பு’ இல்லாதவர் ஆகிவிடுகிறார்.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923இன் மூன்றாம் அட்டவணை, தொற்று அபாயம் மிகுந்த பணிகளில் ஏற்படும் தொற்றுநோயைத் தொழில்சார் நோயாக ஏற்றிருந்தது. சுகாதாரப் பணியோடு, ‘தொற்றுக்கான தனிப்பட்ட அபாயம் கொண்ட பிற பணிகள்’ என்பதையும் அது சேர்த்துக்கொண்டிருந்தது. அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2020இலும் இந்த அட்டவணை தொடர்கிறது. தூய்மைப் பணி இவ்வகைக்குள் வரும் என்று வாதிடப் போதிய இடமுண்டு. அவ்வாறு ஏற்கப்பட்டால், நோய் பணியால் வந்ததல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை வேலையளிப்பவர் மீதே விழும்.

ஒதுக்கிவைத்தல் குற்றம்

நோயாளிகளின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டும் வழக்கம் குறித்து 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி ஆணையிட்டால் அன்றி, எந்த மாநிலமும் அவ்வாறு ஒட்டத் தேவையில்லை என்றது அத்தீர்ப்பு. தொற்றின் பெயரைச் சொல்லி ஒரு தலித் குடும்பத்துக்குக் கடையில் பொருள் தர மறுப்பதும், பொதுக் குழாயில் தண்ணீர் எடுக்க விடாததும், வேலையிலிருந்து விலக்கிவைப்பதும் நோய்த்தடுப்பு ஆகா. பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டத்தின் பிரிவு 3(1)(zc), அச்சமூகங்களைச் சேராத ஒருவர் அவர்கள்மீது விதிக்கும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை எந்த வடிவிலும் அனுமதிப்பதில்லை. நோய்த்தடுப்பு என்ற வடிவமும் அதற்கு விலக்கல்ல.

நாம் செய்ய வேண்டியவை

அடுத்த சுவாசத் தொற்று வரும்போது செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் சில கோரிக்கைகளை முதல் நாளிலேயே முன்வைக்க வேண்டும். தனி அறை இல்லாத குடும்பங்களுக்கு, அவர்கள் ஒப்புதலுடன், உணவும் மருத்துவமும் மதிப்பும் உள்ள தங்குமிடத்தை அரசு அளிக்க வேண்டும். தனிமையில் இருக்கும் நாட்களுக்குக் கூலி வழங்க வேண்டும்; கூலியில்லாத தனிமை ஏழைக்குப் பட்டினி. தூய்மைப் பணியாளர்களுக்குத் தரமான முகக்கவசமும் கையுறையும் தொடர் பரிசோதனையும் கிடைக்க வேண்டும். எந்தப் பணியாளர் எந்த நாளில் எந்தத் தெருவில் பணியமர்த்தப்பட்டார் என்ற பதிவேட்டின் நகலை இப்போதிருந்தே கேட்டுப் பெறும் வழக்கத்தைத் தொழிற்சங்கங்கள் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். இழப்பீட்டு வழக்கில் முதலில் கேட்கப்படும் சான்று அதுவே.

2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி உயிரிழப்புக்குக் கருணைத் தொகை பரிந்துரைப்பது தேசிய ஆணையத்தின் கட்டாயக் கடமை என்று தீர்ப்பளித்தது. 50,000 ரூபாய் வழங்கும் ஏற்பாடு அதன்பிறகே வந்தது. இறந்தபின் கிடைக்கும் தொகைக்கே நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கும்போதே காற்றோட்டமுள்ள வீட்டையும் பாதுகாப்பான பணியையும் உரிமையாகக் கேட்பதுதான் தொற்று அபாயத்தைக் குறைக்கும் வழி.