காணொளி வழி மருத்துவ ஆலோசனை: கட்டணத்திற்குத் தக்க பயன் எப்போது?

"மருத்துவரைக் கைப்பேசியில் பார்ப்பதற்கும் கட்டணமா?" என்று நோயாளிகளின் குடும்பத்தினர் பலர் கேட்கின்றனர். நோயைப் பற்றி முடிவெடுக்க மருத்துவருக்கு என்ன தேவை என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமையும்.

பயன் தரும் சூழல்கள்

நேரில் பரிசோதித்து நோய் கண்டறியப்பட்டபின், தொடர் ஆலோசனைக்குக் காணொளி பெரிதும் உதவும். சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், தைராய்டு குறைபாடு ஆகியவற்றில் ஆய்வக முடிவுகளையும் வீட்டில் குறித்த அளவுகளையும் கொண்டே பெரும்பாலும் மருந்தின் அளவு மாற்றப்படுகிறது. மனநல ஆலோசனைக்கும் இது ஏற்றது. கட்டணத்தை மட்டும் பாராமல், நடக்க இயலாத முதியவரை அழைத்துவரும் வண்டிச் செலவையும் உடன் வருபவர் இழக்கும் ஒரு நாள் ஊதியத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நேரில் வர வேண்டிய சூழல்கள்

வயிற்றை அழுத்திப் பார்ப்பதும், நெஞ்சொலியைக் கேட்பதும், காதினுள் நோக்குவதும் திரை வழியே இயலா. புதிதாகத் தோன்றிய வயிற்று வலிக்கோ கட்டிக்கோ காணொளியை நாடினால், கட்டணம் செலுத்திய பின்னும் "நேரில் வாருங்கள்" என்ற பதிலே கிடைக்கக்கூடும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல், வலிப்பு, நினைவிழத்தல் ஆகியவை நேர்ந்தால் காணொளிக்காகக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள். அந்நேரத்தில் இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

உங்கள் உரிமைகள்

2020 மார்ச் 25 அன்று இந்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, பதிவு பெற்ற மருத்துவரே ஆலோசனை வழங்க வேண்டும். மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருத்தல் வேண்டும். கட்டணத்திற்கு இரசீதும் தரப்பட வேண்டும். போதைத் தன்மையுள்ள சில மருந்துகளைத் தொலைவழியில் எழுதித்தர அனுமதியில்லை. அவற்றிற்கு நேரில் வருவதே வழி. கட்டணம் செலுத்த இயலாதோர் அரசின் இ-சஞ்சீவனி சேவையில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

ஆலோசனைக்கு முன்

பழைய மருந்துச் சீட்டுகள், தற்போது உட்கொள்ளும் மருந்துகளின் அட்டைகள், ஆய்வக முடிவுகள், ஒவ்வாமை விவரம் ஆகியவற்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய வினாக்களைத் தாளில் எழுதிவையுங்கள். நல்ல வெளிச்சமுள்ள இடத்தில் நோயாளியும் உடன் அமர்ந்திருக்கட்டும். அவருடைய முகமும் மூச்சும் மருத்துவருக்குப் பலவற்றை உணர்த்தும்.

காணொளி போதுமா என்ற ஐயம் எழுந்தால், பணம் செலுத்தும் முன்னரே மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.