சர்... சர்... இந்த ஓசை எங்கிருந்து வருகிறது?

காலை நேரத்தில் வீட்டில் எழும் ஓசைகளைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்லிவிடலாம். குக்கரின் விசில், வாளியில் தண்ணீர் விழும் சத்தம், பக்கத்து வீட்டு மிக்ஸி. இவற்றுக்கு நடுவே, அப்பாவோ தாத்தாவோ கண்ணாடியின் முன் நின்று பழைய மாதிரி உலோக ரேசரால் சவரம் செய்துகொண்டிருந்தால், 'சர்... சர்...' என்று ஓர் ஓசையும் காதில் விழும். காய்ந்த சருகின்மேல் யாரோ மெல்ல நடப்பது போன்ற ஓசை அது.

சவரம் செய்பவருக்குக் கண்ணாடி அதிகம் உதவுவதில்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? முகத்தைத்தான் நுரை மூடியிருக்கிறதே! பிளேடு சரியான கோணத்தில் செல்கிறதா, முடியை வெட்டுகிறதா, அல்லது தோலைச் சுரண்டுகிறதா என்பதையெல்லாம் அவர் பெரும்பாலும் காதாலும் விரல் நுனியாலுமே தெரிந்துகொள்கிறார். ஆகவே இந்த ஓசை வெறும் இரைச்சல் அன்று. ஓர் அளவுமானி தரும் செய்தி. அந்தச் செய்தி எப்படி உண்டாகிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் கருவியைத் தெரிந்துகொள்வோம். இதில் மூன்று பகுதிகள் உண்டு: கைப்பிடி, அதன்மேல் அமரும் அடித்தட்டு, அதற்கும் மேலே ஒரு மூடி. இருபுறமும் கூருள்ள பிளேடு, அடித்தட்டுக்கும் மூடிக்கும் இடையில் இருக்கும். கைப்பிடியைத் திருகினால் மூடி கீழிறங்கிப் பிளேடை வில்போல் வளைத்து இறுக்கிக்கொள்ளும். பிளேடின் கூர் வெளியே மிகச் சிறிதளவே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குச் சற்றுக் கீழே அடித்தட்டின் விளிம்பு ஒரு தடுப்புச் சுவர்போல் நின்று தோலை இழுத்துப் பிடிக்கிறது. கூர் ஆழமாகத் தோலில் இறங்காமல் காப்பதும் அதுதான். 'பாதுகாப்பு ரேசர்' என்ற பெயர் வந்ததும் இதனால்தான்.

கழற்றி எறியக்கூடிய மெல்லிய பிளேடுள்ள ரேசரைக் கொண்டுவந்தவர் கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர். இவர் சோடா பாட்டில் மூடி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் விற்பனையாளராக இருந்தவர். ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறியும் பொருளாக ஏதாவது கண்டுபிடித்தால் மக்கள் திரும்பத் திரும்ப வாங்குவார்கள் என்ற யோசனையை அந்த மூடியைக் கண்டுபிடித்தவரே அவருக்குச் சொன்னாராம். மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினமாக்கிக் கூர் தீட்ட முடியாது என்றே உலோக வல்லுநர் பலரும் கருதினர். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதற்கான இயந்திரங்களை அமைத்துக் கொடுத்தார். விற்பனை தொடங்கிய 1903-ஆம் ஆண்டில் போனது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டு 90,000 ரேசர்களுக்கு மேல் விற்றன!

இனி ஓசைக்கு வருவோம்.

தாடி முடி ஒன்றின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். பிளேடின் தடிமனும் 0.1 மில்லிமீட்டரே என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. ஆனால் பிளேடின் கூர் நுனியோ ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். நல்ல பிளேடில் அதற்கும் குறைவு. (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இப்படிப்பட்ட கூர் ஒரு முடியின் குறுக்கே படும்போது, தொடும் பரப்பு சுமார் 10 சதுர மைக்ரோமீட்டர். அதன்மேல் ஒரு கிராம் எடையளவே விசை கொடுத்தாலும், அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 10,000 மடங்காகிவிடும். நம்பிக்கையில்லாதவர்கள் விசையைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். முடியை அறுக்க இதில் ஒரு பகுதியே போதும்.

ஆனாலும் முடி உடனே அறுந்துவிடுவதில்லை. அது மென்மையான தோலில் ஊன்றி நிற்பது. பிளேடு வந்து மோதியதும் முதலில் சாய்கிறது, வளைகிறது, அடியோடு சற்று இழுபடவும் செய்கிறது. வளைத்த வில்லில் ஆற்றல் சேர்வதுபோல் முடியிலும் பிளேடின் விளிம்பிலும் மீள்ஆற்றல் சேர்கிறது. பிறகு முடி திடீரென்று அறுகிறது. சேர்ந்திருந்த ஆற்றல் ஒரே கணத்தில் விடுபட்டு, பிளேடையும் தோலையும் ஓர் உதறு உதறுகிறது. அதுவே ஒரு சிறு 'டிக்'. காய்ந்த முடி விறைப்பானது; ஆகையால் டிக் பலமாகக் கேட்கும். முடியில் உள்ள கெரட்டின் என்ற புரதம் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை உறிஞ்சிக்கொண்டு பருத்து, மிகவும் மிருதுவாகிவிடும். ஊறிய முடியை வெட்டத் தேவைப்படும் விசை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சவரத்துக்கு முன்னால் முகத்தை நனைத்துச் சில நிமிடம் காத்திருப்பது சோம்பலால் அன்று!

சீப்பும் தாடியும்

ஒரு டிக் சரி. தொடர்ந்து வரும் 'சர்...' எப்படி வந்தது? சிறு கணக்கு போடுவோம். கன்னத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் 40 முடிகள் என்று கொள்வோம். கன்னம் வளைவானதால் பிளேடின் நீளத்தில் 2 செ.மீ. மட்டுமே தோலில் படுகிறது. கை விநாடிக்கு 5 செ.மீ. வேகத்தில் நகர்கிறது என்றும் கொள்வோம். அப்படியானால் ஒரு விநாடியில் 10 சதுர செ.மீ. பரப்பைப் பிளேடு கடக்கும். 400 முடிகள் அறுபடும்.

இப்போது ஒரு செ.மீ.க்கு 8 பற்கள் உள்ள சீப்பை எடுத்து, அதன் பற்களின்மேல் ஓர் அட்டையின் விளிம்பை விநாடிக்கு 50 செ.மீ. வேகத்தில் இழுங்கள். இங்கும் விநாடிக்கு 400 தட்டுகள்தாம். ஆனால் காதில் விழுவது என்ன? ஆர்மோனியக் கட்டை ஒன்றை அமுக்கினாற்போல் ஒரு சுருதி சற்றே எட்டிப் பார்க்கும். வேகத்தைக் கூட்டினால் சுருதி உயரும். சவரத்தில் அப்படி எந்தச் சுருதியும் இல்லையே, ஏன்? சீப்பின் பற்கள் சம இடைவெளியில் அணிவகுத்து நிற்கின்றன. தாடி முடிகளோ ஒழுங்கில்லாமல் சிதறி நிற்கின்றன. சம கால இடைவெளியில் வரும் தட்டுகளைக் காது சுருதியாக உணர்கிறது. தாறுமாறான இடைவெளியில் வருபவற்றை இரைச்சலாக உணர்கிறது. தகரக் கூரைமேல் பெய்யும் மழைக்கும் சுருதி இல்லாதது இதே காரணத்தால்தான்.

ஒரே இடத்தில் இரண்டாம் முறை ரேசரை ஓட்டினால் ஓசை மிகவும் குறைந்துவிடும். வெட்டுவதற்கு அங்கே முடி அதிகம் இல்லை. ஓசை அடங்கினால் அந்த இடம் முடிந்தது என்று பொருள். இனியும் அங்கே தேய்ப்பது தோலைத்தான் தேய்க்கும்.

அளவுகோல் சொல்லும் இரகசியம்

ஒரே பிளேடு ஒரு ரேசரில் அமைதியாகவும் வேறொரு ரேசரில் 'கரகர' என்று ஆர்ப்பாட்டமாகவும் வேலை செய்வது உண்டு. இதைப் புரிந்துகொள்ள, ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு அளவுகோல் ஒன்றை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, 20 செ.மீ. வெளியே நீட்டித் தட்டிவிடுங்கள். அது விநாடிக்கு ஏறத்தாழ 20 முறை அதிரும். அதிர்வைக் கண்ணாலேயே காணலாம். 10 செ.மீ.க்குக் குறைத்தால் அதிர்வெண் இருமடங்கு ஆகாது, நான்கு மடங்காகி 80 ஆகும். 5 செ.மீ. என்றால் 320. நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம், தடிமனுக்கு நேர்விகிதம். இந்த இரண்டு விதிகளே நமக்குப் போதும்.

பிளேடும் எஃகுதான். அளவுகோலைவிடப் பத்து மடங்கு மெல்லியது. ஆகவே அதிர்வெண் பத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். ஆனால் ரேசரின் பிடிக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் மட்டும் நீட்டியிருந்தால், நீளம் 20 செ.மீ.யில் 200-இல் ஒரு பங்கு. வர்க்கம் எடுத்தால் 40,000 மடங்கு. 20-ஐ 40,000-ஆல் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 80,000 ஹெர்ட்ஸ்! மனிதக் காது 20,000 வரைதான் கேட்கும். எனவே பிளேடு விளிம்பின் சொந்த அதிர்வு நமக்குக் கேட்காது. முடிகள் அறுபடும் ஓசை மட்டுமே கேட்கும்.

சரியாக இறுக்காத ரேசரை எண்ணிப் பாருங்கள். பிளேடு விளிம்பருகே பிடிபடாமல் 4 மி.மீ. உள்ளே தள்ளித்தான் பிடிபடுகிறது. அதிர்வெண் 16-இல் ஒரு பங்காகி 5,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான். ஒவ்வொரு முடி அறும்போதும் பிளேடு அதிர்ந்து அந்தப் பகுதியில் கத்தத் தொடங்கும். ஆட்டங்காணும் விளிம்பு தோலையும் கீறும். ரேசரில் பிளேடின் பிடிமானம் எஃகு வாரியைப்போல் உறுதியானது அன்று. ஆகையால் இந்த எண்களை ஓர் உத்தேசமாகவே கொள்ளுங்கள். போக்கு மட்டும் மாறாது.

மூடி பிளேடை வளைத்து வைப்பதும் விறைப்புக்காகவே. ஓர் அஞ்சலட்டையை ஒரு முனையில் பிடித்தால் மறுமுனை தொய்கிறது. நீளவாக்கில் இலேசாக வளைத்துப் பிடித்தால் கம்பிபோல் நிற்கிறது அல்லவா?

அருகில் நிற்பவருக்கு மெல்லக் கேட்கும் இந்த ஓசை, சவரம் செய்பவருக்கு உரக்கவே கேட்கும். காற்றின் வழியாக மட்டுமன்றித் தாடை எலும்பின் வழியாகவும் அது அவருடைய உட்செவியை எட்டுகிறது. இரண்டு சுட்டுவிரல்களாலும் காதுகளை அடைத்துக்கொண்டு, கட்டை விரல் நகத்தால் தாடையை மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். வெளியோசை அடங்கியிருக்க, சுரண்டல் மட்டும் தலைக்குள் முழங்கும். விரல்களும் சும்மா இருப்பதில்லை. விரல்களின் தோலுக்கு அடியில் பசீனியன் எனப்படும் நுண்ணிய உணர்வுறுப்புகள் உள்ளன. விநாடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளை இவை மிக நன்றாக உணரும். ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான அசைவுகூட இவற்றுக்குத் தெரியும். நாம் கணக்கிட்ட 400 இந்த எல்லைக்கு அருகிலேயே இருப்பதைக் கவனியுங்கள். உலோகக் கைப்பிடி அதிர்வை அதிகம் விழுங்காமல் விரலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. பிளாஸ்டிக் கைப்பிடியும், ஸ்பிரிங்கின்மேல் மிதக்கும் பல பிளேடுகளும் கொண்ட புதிய வகை ரேசர்கள் அதிர்வைப் பெருமளவு விழுங்கிவிடுகின்றன. வசதிதான், ஆனால் அவை அதிகம் பேசுவதில்லை.

இரும்பைத் தோற்கடிக்கும் மயிர்

நாலைந்து முறை பயன்படுத்திய பிளேடின் ஓசை மாறுகிறது. கூர் மழுங்கியதால் முடி அறுவதற்கு முன் அதிகமாக வளைந்து இழுபடுகிறது. அதிக ஆற்றல் சேர்ந்து விடுபடுவதால் ஓசை கரகரக்கிறது. தோலில் ஓர் இழுப்பும் தெரிகிறது. இங்கேதான் ஒரு புதிர். பிளேடின் எஃகு முடியைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. மெத்தென்ற பொருள் கடினமான பொருளை எப்படிச் சிதைக்கும்?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இதற்கு 2020-ஆம் ஆண்டு விடை கண்டனர். மின்னணு நுண்ணோக்கியின் உள்ளேயே முடி வெட்டும் சிறு பொறி ஒன்றை அமைத்து, கூரின் கதியை நேரில் பார்த்தனர். கூர் படிப்படியாகத் தேய்ந்து உருண்டையாகிறது என்பதே பலரும் நினைத்தது. அவர்கள் கண்டதோ வேறு. கூரிலிருந்து முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள சில்லுகள் பெயர்ந்து விழுந்தன! முடி நேராக நின்று வெட்டுப்பட்டால் சேதம் குறைவு. சாய்ந்து வளைந்தபடி வெட்டுப்படும்போது அது கூரைப் பக்கவாட்டில் முறுக்குகிறது. எஃகு எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. சற்றுக் கடினமான பகுதியும் சற்று மென்மையான பகுதியும் நுண்ணிய அளவில் கலந்திருக்கும். இவை சந்திக்கும் எல்லையில், ஏற்கெனவே ஒரு நுண்பிளவும் இருந்து, அதன் ஓரத்தில் வளைந்த முடி அழுத்தினால், அங்கே சில்லு தெறிக்கிறது.

கடினமாக்கிய எஃகு நொறுங்கும் இயல்புடையது என்பது நீங்கள் அறியாததன்று. சலூனில் பிளேடை உறையோடு சேர்த்து மடக்கி, 'சடக்' என்று இரண்டாக ஒடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரணத் தகரம் வளையும்; ஒடியாது.

ஆகவே முகத்தை நனைத்து முடியை ஊறவைப்பதால் பிளேடுக்கும் ஆயுள் கூடும் என்று எதிர்பார்க்கலாம்; ஊறிய முடி கூரை முறுக்கும் விசை குறைவு. சீரான நுண்ணமைப்புள்ள எஃகை உருவாக்கினால் கூர் நீடிக்கும் என்று அந்த ஆய்வாளர்கள் அதே திசையில் முயன்றார்கள்.

பயன்படுத்திய பிளேடை என்ன செய்வது? அமெரிக்காவில் பழைய வீடுகள் பலவற்றில் குளியலறைச் சுவரில் ஒரு சிறு துவாரம் வைத்திருந்தார்கள். பிளேடை அதில் போட்டால் சுவரின் உள்ளிடைவெளியில் விழுந்துவிடும். அந்த வீடுகளைப் புதுப்பிக்கச் சுவரை உடைப்பவர்கள் துருப்பிடித்த பிளேடுக் குவியலைக் கண்டு திடுக்கிடுவது உண்டு. நமக்கு மூடியுள்ள பழைய டப்பா ஒன்று போதும். மேலே சொன்ன சோதனைகளுக்குச் சீப்பும் அளவுகோலும் அஞ்சலட்டையும் இருந்தால் போதும். பிளேடைத் தொட வேண்டாம்.