கொங்கு நாட்டில் வீட்டுமனைக்கான நில எடுப்பும் எதிர்ப்பும்

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் நிலமற்ற வேளாண் தொழிலாளருள் கணிசமானோர் அருந்ததியர் ஆவர். புறம்போக்கு நிலம் இல்லாதவிடத்து, இவர்களுக்கு வீட்டுமனை வழங்கத் தனியார் நிலத்தை எடுக்க வேண்டியுள்ளது. இதற்கெனத் தமிழ்நாடு அரிசன நலத்திட்ட நில எடுப்புச் சட்டம் 1978இல் இயற்றப்பட்டது. மாவட்ட ஆட்சியர்வழி விரைந்து நிலம் எடுக்க அது வகைசெய்கிறது.

நீதிமன்றத்தில் உரிமையாளரின் எதிர்ப்பு பெரிதும் நடைமுறைக் குறைகளையே பற்றி நிற்கிறது: அறிவிப்பு முறையாகச் சார்பு செய்யப்படவில்லை, விசாரணை அறிக்கையின் படி தரப்படவில்லை. 2013ஆம் ஆண்டின் மைய நில எடுப்புச் சட்டத்தோடு முரண்படுவதாகக் கூறி, சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் இச்சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது. அவ்வாண்டே சட்டமன்றம் அதனை மீட்டது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அம்மீட்பை ஏற்றது.

சட்டம் நிலைபெற்றது, காலத்தாழ்வும் நீடிக்கிறது. எடுப்பு ஆணை நீக்கப்பட்டால் பணி மீண்டும் தொடக்கத்திலிருந்தே நிகழ்தல் வேண்டும். அதிகாரிகளின் வழுவால், வழக்கில் பெரும்பாலும் தரப்பினராகவே இடம்பெறாத மனையற்றோர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது.